காலில் தண்ணீர் ஊற்றாதவள்

"தலையை விரிச்சிப் போட்டா பேய் வராது கமலாக்கா, பேன்தான் வரும்" என்று சொல்லிவிட்டேன். அதற்காக அவள் பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. துருகம் சாலையில் கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

நான் அனிட்டா. கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து தருகிறவள். கமலாக்கா பக்கத்துக் கடையில் ஜாக்கெட் தைக்கிறாள். ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவள் நாக்கு நுனியில் இருக்கும். யார் இளைத்தார்கள், யாருக்கு மாசம் என்று டேப்பை எடுக்காமலே சொல்லிவிடுவாள். நான் எடுத்த ஒரே படத்தில் பேயாக நடித்தது அவள்தான்.

கல்யாண வீடியோக்காரிக்குப் பேய்ப்படம் எதற்கு என்று கேட்பீர்கள். என் தொழிலே சத்தம்தான். மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கினால் இடி இடிக்க வேண்டும். பெண் திரும்பிப் பார்த்தால் பூ கொட்ட வேண்டும். தாலி கட்டுவதைத் திரும்பத் திரும்பக் காட்டி, கடைசியில் மெதுவாக ஓட்டி, இரண்டு புறாவையும் பறக்கவிட வேண்டும். புறா இல்லாவிட்டால் பெண்ணுடைய தாய்மாமன் கடைக்கே சண்டைக்கு வருவார். இத்தனையும் வைத்துக் கம்ப்யூட்டரை ஓடவிட்டால் அது வேலையை முடிக்கிற வரைக்கும் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் செல்லில் படம் பார்ப்பேன்.

அப்படித்தான் ஒரு ஜப்பான் பேய்ப்படம் மாட்டியது. ஒரு பெண் சமையலறையில் உட்கார்ந்து பழம் நறுக்குகிறாள். அவளுக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், யாரோ நிற்கிறார்கள். அவ்வளவுதான். கேமரா அங்கே போகவில்லை. பின்னணி இசையில் ஒரு கம்பிகூட அதிரவில்லை. பழத்தை நறுக்கி முடித்து அவள் தட்டோடு எழுந்து போகிறாள், நின்றது நின்றபடியே இருக்கிறது. "அதோ பார்" என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. நானாகப் பார்த்தேன். நானாகப் பார்த்ததைப் பொய் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்குக் கடையைப் பூட்டும்போது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்துப் பக்கம் திரும்பவே இல்லை.

அதே கதையை ஹாலிவுட்காரர்கள் மறுபடி எடுத்திருந்தார்கள். ஆசை ஆசையாகப் பார்த்தேன். அடக் கொடுமையே! அதே சமையலறை, அதே பழம். ஆனால் பின்னால் நிற்கிறவள் மேல் லைட் அடிக்கிறார்கள், தட்டு உடைகிறது, டமார் என்று சத்தம், ஒரு முகம் வந்து திரையை முட்டுகிறது. போதாக்குறைக்கு ஒரு பேராசிரியர் வந்து, அவள் யார், எப்படிச் செத்தாள், எதற்குக் கோபமாக இருக்கிறாள் என்று பாடம் நடத்துகிறார். சோறு போட்டது போதாதென்று மென்றும் ஊட்டுகிறார்கள். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தூக்கிவாரிப் போடுவது வேறு, பயம் வேறு. காதுக்குப் பக்கத்தில் பலூன் வெடித்தாலும்தான் தூக்கிவாரிப் போடும்.

எங்கள் கடையில் கேமரா பிடிக்கிற இளவரசன் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டான்.

"அக்கா, ஜப்பான் படத்துல பேய் வர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுச்சி. இங்கிலீஷ்ல பாத்தேன் பாரு, கையில இருந்த டீயே கொட்டிப்புடுச்சி."

"டீ கொட்டினா நல்ல படமாடா?"

"ஜனங்களுக்கு அதான்க்கா வேணும்."

ஜனங்களுக்கு! இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்தவர்களுக்குத் தண்ணீர் டம்ளரை வைக்கிற தினுசைப் பார்த்தே அந்த வீட்டில் காலையில் சண்டை நடந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கிற ஜனம் இது. பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று பார்த்தே குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிடும். இவர்களுக்கா மென்று ஊட்ட வேண்டும்? சத்தமே இல்லாத ஒரு பேய்ப்படத்தை இந்த ஊரிலேயே எடுத்துக் காட்டுகிறேன் என்று அன்றைக்கு வீம்பாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டுச் செய்த முதல் காரியம் மகா மட்டமானது. ஜப்பான் பேயை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். கமலாக்காவுக்கு வெள்ளைப் புடவை கட்டி, தலைமுடியை முகத்தில் விட்டு, ஒரு லாட்ஜ் நடையின் கடைசியில் நிற்க வைத்தோம். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை காயவைக்கிறவள் மாதிரி இருந்தது. இளவரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னும் கொஞ்சம் விரிச்சிப் போடட்டா அனிட்டா?" என்று கமலாக்கா ஆசையாகக் கேட்டாள். அப்போதுதான் அந்தப் பேன் பேச்சு வந்தது.

அவள் மேல் என்ன தப்பு? ஹாலிவுட்காரன் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். அடுத்தவன் வீட்டுப் பேயை வேரோடு பிடுங்கி வந்து நம் வீட்டில் நட்டால் எப்படிப் பிழைக்கும்?

அதற்குப் பிறகு மணலூர்பேட்டையில் எங்கள் பெரியப்பா ஒருவர் தவறிப்போனார். நான் போய்விட்டுப் பஸ்ஸில் நசுங்கித் திரும்பினேன். காலெல்லாம் வலி. செருப்பை உதறிவிட்டு நேராக வீட்டுக்குள் போகப் பார்த்தேன். உள்ளே இருந்து அம்மா போட்டாள் ஒரு சத்தம்.

"நில்லுடீ! சாவுக்குப் போயிட்டு வந்து, காலுக்குத் தண்ணி ஊத்தாத வூட்டுக்குள்ள அடி வெச்சியோ தெரியும் சேதி!"

வாசலில் பக்கெட் நிறையத் தண்ணீரும் ஒரு சொம்பும் இருந்தன. நாங்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள், பக்கத்து வீட்டில் மாரியம்மன். ஆனால் இந்தப் பக்கெட் எங்கள் பக்கத்தில் எல்லார் வாசலிலும் ஒன்றுதான். சாவு காலோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடக்கூடாது. நான் சொம்பை எடுத்து ஊற்றப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஊற்றாமல் ஒருத்தி உள்ளே போனால்? அவள் எதற்கு ஊற்ற மாட்டாள்? வாசலில் நின்றபடியே எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கதை இவ்வளவுதான். கல்வராயன் மலையில் ஒரு வீடு. அந்த வீட்டில் இருக்கிற ஐந்து பேர் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே ஓர் ஊருக்குச் சாவுக்குப் போகிறார்கள். சாயங்காலம் பனிக்குள் நடந்து திரும்பி வருகிறார்கள். வாசலில், போகும்போதே நிரப்பி வைத்த பக்கெட். ஒவ்வொருவராகக் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள். சிமென்ட் தரையில் ஈரக்கால் தடம் விழுகிறது. கடைசியாக ஒரு பெண். மற்றவர்களைப் போலவே களைத்துப் போனவள், சாதாரண நூல் புடவை. அவள் பக்கெட்டைத் தாண்டி நேராக உள்ளே போகிறாள். அவள் தடம் தரையில் விழவில்லை. உள்ளே யாரோ சோறு போடுகிற சத்தம் கேட்கிறது. படம் முடிந்தது.

பொங்கல் கழிந்து கமலாக்காவைச் சமாதானம் செய்து, கச்சிராயபாளையம் வழியாக எல்லாரும் மலை ஏறினோம். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீடு. பனி நாங்கள் கேட்டதற்கு மேலேயே இறங்கியிருந்தது. கேமராவை வாசலுக்கு எதிரே வைத்துவிட்டு அசைக்கக்கூடாது என்று இளவரசனிடம் சொன்னேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"பேய்க்கு மேக்கப்பு கூட இல்லியா?" என்றாள் கமலாக்கா.

"இல்லக்கா. சும்மா சாவுக்குப் போய்ட்டு வர்ற மாதிரி வந்தா போதும்."

வந்தாள். ஐந்து பேரும் ஊற்றிக்கொண்டு போனார்கள். கமலாக்காவும் குனிந்து சொம்பை எடுத்து ஊற்றிக்கொண்டு போனாள்.

"அக்கா! நீ ஊத்தக் கூடாது! நீதான் செத்தவ!"

"ஐயோ, மறந்துட்டேன்டி."

மறுபடி எடுத்தோம். மறுபடி ஊற்றினாள். இன்னொரு முறை பக்கெட் வரைக்கும் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நின்றாள். பிறகு யாருக்கும் தெரியாது என்று நினைத்தோ என்னவோ, விரல் நுனியை மட்டும் நனைத்துக் காலில் தெளித்துக்கொண்டாள். பனி கலைகிறது, வெளிச்சம் போகிறது, இவள் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கிறாள்! என் வாயில் வந்ததெல்லாம் வந்தது. கமலாக்கா அழுதுவிட்டாள்.

"நான் இன்னா வேணும்னா செய்யறேன்? காலு தானா நிக்குதுடி. என் வூட்ல புள்ள கீறான், புருஷன் கீறான். நடிப்புக்குன்னாலும் எப்பிடிடி ஊத்தாத போறது?"

அவள் அழுவதைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நடிக்கிறவளுக்கே இவ்வளவு பயம் என்றால் பார்க்கிறவர்களுக்கு? கடைசியில் ஒரு வழி செய்தோம். ஷாட் முடிந்த உடனே பின்வாசலில் அவளுக்குத் தனியாக ஒரு குடம் தண்ணீர் வைத்தோம். அந்தத் தைரியத்தில் ஒரே ஒரு தடவை ஊற்றாமல் நடந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. நடந்தது மட்டும், யாரோ பின்னால் இருந்து தள்ளுகிற மாதிரி இருந்தது. அப்புறம் ஓடிப்போய்க் குடத்தையே கவிழ்த்துக்கொண்டாள். திரும்பி வந்து கேமரா ஸ்டாண்டின் காலுக்கும் தண்ணீர் ஊற்றினாள். "அதுவுந்தானே செத்தவளப் பாத்துச்சி?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

படத்தை அனுப்பிய இடங்களில் ஒன்று சென்னையில் ஒரு கம்பெனி. ஐந்து பேய்க் குறும்படங்களைச் சேர்த்து ஓடிடியில் விடப் போகிறார்கள். அதன் தயாரிப்பாளர் வெங்கடேசன் போனில் வந்தார்.

"மேடம், படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா பேய் எங்க?"

"கடைசியா வீட்டுக்குள்ள போகுதே சார்."

"அது யாரோ சொந்தக்காரங்கன்னு நினைச்சேன். அப்படியெல்லாம் விட்டா ஜனங்களுக்குப் புரியாது. அவ உள்ள போனதும் டக்குன்னு திரும்பணும், கண்ணு வெள்ளையா, ஒரு அலறல். அப்புறம் அவ எப்படிச் செத்தான்னு ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். இது ரெண்டும் இருந்தா உங்க படத்தைச் சேர்த்துக்கறேன். இல்லாட்டி கஷ்டம்."

ஜப்பான் படத்துக்கு நடந்தது என் படத்துக்கும் நடக்கப் போகிறது. ஒத்துக்கொண்டால் உலகம் முழுக்கப் பார்க்கும், ஆனால் நான் எடுத்த பேய் அதில் இருக்காது. ஒத்துக்கொள்ளாவிட்டால் என் பேய் என் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். நான் இழுத்தடித்த நாட்களில் இளவரசன் அந்த அலறலையும் வெள்ளைக் கண்ணையும் போட்டு இன்னொரு பதிப்பே தயார் செய்துவிட்டான். அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. சென்னையில் கேமரா பிடிக்க வேண்டும் என்பது அவனுடைய கனவு, கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது.

கடைசியில் வெங்கடேசனிடம் சொன்னேன். "நீங்க கள்ளக்குறிச்சிக்கு வாங்க சார். ஜனங்களோட உக்காந்து பாருங்க. யாருமே பயப்படலன்னா, நீங்க சொல்ற மூஞ்சி, அலறல் எல்லாத்தையும் நானே வைக்கிறேன்." அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

தையல்காரர்கள் சங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. கமலாக்கா அதில் பொருளாளர். கூட்டம் முடிந்து பிரியாணி போடுவதற்கு முன்னால் படத்தைப் போட ஏற்பாடு செய்தாள். பட்டப்பகல். ஜன்னலுக்கு லைனிங் துணியை இழுத்துக் கட்டியும் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. பின்கட்டில் பிரியாணி தம்மில் இருக்கிறது, ஹால் முழுக்க அந்த வாசனை. பிள்ளைகள் நாற்காலிகளுக்கு இடையில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். பேய்க்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. வெங்கடேசன் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கமலாக்கா இரண்டாம் வரிசையில் பட்டுப்புடவையோடு. நானும் இளவரசனும் பின்னால் லேப்டாப் பக்கத்தில். இரண்டு பதிப்பும் அதில் இருந்தன.

ஓடவிட்டேன். ஐந்து பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். யாரும் பார்க்கவில்லை. யாரோ ஜிஎஸ்டி பற்றிப் பேசினார்கள். ராமசாமி என்கிற பெரியவர் சத்தமாகக் கொட்டாவி விட்டார். வெங்கடேசன் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். மாதாவே, என்னைக் கைவிட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

பனிக்குள் இருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். வாசலில் பக்கெட்டைப் பார்த்ததும் ஹாலில் பேச்சு கொஞ்சம் தணிந்தது. தெரிந்த காரியமாயிற்றே. முதல் ஆள் ஊற்றினான்.

"தண்ணி கம்மியா ஊத்தறான் பாரு, குதிகாலு நனையவே இல்ல" என்றார் ராமசாமி. இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். ஒவ்வொருவரும் ஊற்ற ஊற்ற, ஹால் மொத்தமும் மாமியார் மாதிரி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. அப்புறம் கமலாக்கா வந்தாள். பக்கெட்டைத் தாண்டி நடந்தாள்.

மூன்றாம் வரிசையில் இருந்து லட்சுமியம்மாள், சங்கத்தில் மூத்தவர், திரையைப் பார்த்து அதட்டினார். "ஏம்மா! ஏய்! காலுக்குத் தண்ணி ஊத்திக்கினு போம்மா!"

ஹால் சிரித்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. திரையில் ஈரத் தடங்கள் மட்டும் இருந்தன. லட்சுமியம்மாள் வேறு குரலில், யாரிடமும் இல்லாமல் கேட்டார்.

"போறப்ப அஞ்சி பேருதான போனாங்க?"

ஓடிக்கொண்டிருந்த பிள்ளையை ஒரு பெண் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே சோறு போடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. யாரோ "ஏசப்பா" என்றார்கள், யாரோ "மாரியாத்தா" என்றார்கள். கமலாக்காவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போனாள். அந்தப் பக்கம் இருந்தவளும் போனாள். அவர்களுக்குக் கமலாக்காவைப் பத்து வருஷமாகத் தெரியும்.

இளவரசன் தன் கையை என் முன்னால் நீட்டினான். முடியெல்லாம் குத்திட்டு நின்றது. "எடுத்ததே நான்தான்க்கா. எனக்கே இன்னாமோ பண்ணுது" என்றான். பிறகு, நான் கேட்காமலே, அலறல் வைத்த பதிப்பை அழித்தான். பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனைப் பற்றி மட்டுமல்ல, அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருவரைப் பற்றியும்தான்.

வெங்கடேசன் அவசரமாக என்னிடம் வந்தார். "என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் இப்படி ஆயிட்டாங்க? நான் எதையாவது விட்டுட்டேனா?"

நான் விளக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தார். திரும்ப ஓட்டிப் பார்த்தார். அதற்கு அடுத்த தடவை அவர் விரல் திரையில் ஒவ்வொரு தலையாக எண்ணியது. கடைசித் தலைக்கு வந்ததும் விரல் நின்றது. முகம் மாறிவிட்டது. ஆனாலும் மனுஷன் தொழிலை விடவில்லை.

"சரி மேடம். மூஞ்சி வேண்டாம், அலறல் வேண்டாம். ஒரே ஒரு வரி வசனம் மட்டும் வைங்க. அந்த அம்மா அதட்டினாங்களே, அதே மாதிரி, வீட்டுக்குள்ள யாராவது ஒருத்தர், அவ தண்ணி ஊத்தலயேன்னு சொல்லட்டும். டெல்லியில பாக்கறவனுக்குப் புரிய வேண்டாமா?"

ஒரு வரிதானே என்று எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. உண்மைதான். யோசிச்சுச் சொல்றேன் சார் என்றேன்.

பிரியாணி போட்டுவிட்டார்கள். நீள மேஜைகளில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தது. கமலாக்காவுக்கு இரண்டு பக்கமும் மட்டும் நாற்காலி காலியாக இருந்தது. அவள் முதுகை நிமிர்த்தி, ராணி மாதிரி நடுவில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெங்கடேசன் தட்டோடு இடம் தேடினார். வேறு எங்கும் இடமில்லை.

"வாங்க சார், இங்க உக்காருங்க" என்று கமலாக்கா பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம், நான் கண்ணால் பார்த்தேன், மேஜைக்கு அடியில் அவள் பாதத்தையும் பார்த்தார்.

"இல்லம்மா, பரவாயில்ல. கார்லயே உக்காந்து வந்தேனா, முதுகு வலி. நின்னே சாப்பிடறேன்."

ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். நான் அவரிடம் போனேன்.

"சார், அந்த ஒரு வரி வசனத்த எந்த இடத்துல வைக்கலாம், சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கமலாக்கா பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

"வேணாம் மேடம்" என்றார். "எதையும் தொடாதீங்க. அப்படியே அனுப்புங்க."

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கமலாக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ ஒருத்திதான்டி வந்த. எல்லாம் என்னப் பாத்தா ஓடறாளுங்க" என்றாள். குரலில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. "உனக்கு பயமா இல்ல?"

"இருக்குதுக்கா" என்றேன். பொய்யில்லை.

அவள் ரொம்ப சந்தோஷப்பட்டு, தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.